பட்டியலில் இல்லாத பெட்டி

வீட்டுக் கூடத்திலோ சிறிய அலுவலகத்தின் மேசைக்கு அடியிலோ, நெட்வொர்க் வழியே கோப்பு கொடுக்கும் ஒரு நாஸ் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு நெட்வொர்க் கேபிள், முன்பக்கம் மினுக்கும் ஒரு பச்சை விளக்கு. பத்து வருடப் படங்கள், கணக்குக் கோப்புகள், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் எல்லாம் அதற்குள்தான். டிவி அதிலிருந்து படம் ஓட்டுகிறது. பக்கத்து மேசை விண்டோஸ் லேப்டாப்பில் அதன் பெயர் தெரிகிறது. லினக்ஸ் போட்ட கணினியில் மட்டும், கோப்பு மேலாளரின் இடப்பக்கம் ‘நெட்வொர்க்’ என்று இருப்பதைச் சொடுக்கினால் வெறும் வெள்ளைத் திரை. இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: லினக்ஸுக்கு இந்தப் பெட்டி ஒத்துவராது, அல்லது பெட்டி கெட்டுப்போய்விட்டது. பிறகு ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், சிலர் லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவுவார்கள். இரண்டு முடிவுகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் அந்தச் சன்னல் காட்டும் என்பது. அந்தத் திறன் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தங்கள் பெயரைத் தாங்களே கூவிச் சொல்கிறவர்கள், அதுவும் இந்தக் கணினி காது கொடுக்கும் மொழியில் சொல்கிறவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். ஆகவே அது காலியாக இருப்பதை வைத்துப் பெட்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. பட்டியலில் தேடுவதை விட்டுவிட்டு, முகவரிக்கு நேரே போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் கோளாறைப் பிடிக்கும் வழி.

‘கண்டறிதல்’ என்ற சொல்லே நம்மை இங்கே வழி தப்ப வைக்கிறது. பென் டிரைவைச் செருகியதும் கணினி கண்டுபிடித்துவிடுகிறது. அதே பழக்கத்தில் நாஸ் பெட்டியையும் அது கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். யுஎஸ்பியில் கணினிதான் எசமான். செருகிய கணத்திலேயே கம்பியில் மின்னழுத்தம் மாறுகிறது. கணினி உடனே ‘யார் நீ?’ என்று கேட்கிறது. செருகப்பட்ட பொருள் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லியே தீர வேண்டும். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. நெட்வொர்க்கில் அப்படி ஓர் எசமான் கிடையாது. நாஸ் பெட்டி தன்னளவில் ஒரு முழுக் கணினி. சினாலஜி, கியூநாப் போன்றவற்றின் பெட்டிகளுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். (ஒரு லினக்ஸ் இன்னொரு லினக்ஸைக் காணாமல் தவிக்கிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.) ஒரே சுவிட்சில் செருகிய இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வருகைப் பதிவேட்டோடு நிற்கும் வாத்தியார் அங்கே யாருமில்லை. ரவுட்டர் முகவரி கொடுக்கிறது. எந்த முகவரியில் கோப்பு கிடைக்கும் என்பது அதற்குத் தெரியாது. ‘இங்கே கோப்பு கொடுப்பவர் யார்?’ என்று தண்டோரா போட்டு, வந்த பதில்களை வைத்துப் பட்டியல் எழுதுவது ஒன்றுதான் வழி. தண்டோராச் சத்தம் எட்டாத தெருக்காரர் வரமாட்டார். எட்டினாலும் மொழி புரியாதவர் வரமாட்டார். வராதவரெல்லாம் ஊரிலேயே இல்லை என்று யாரும் சொல்லமாட்டோம். கணினி விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தண்டோராவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1983-இல் ஐபிஎம்மின் பிசி நெட்வொர்க்குக்காக உருவான நெட்பயாஸ் என்ற முறையை மைக்ரோசாஃப்ட் கையாண்ட விதத்தில் ஒவ்வொரு கணினிக்கும் 15 எழுத்துகளுக்குள் ஒரு பெயர். 16-ஆவது இடம், அந்தக் கணினி என்ன வேலை செய்கிறது என்பதைக் குறிக்க. அதே காலத்தில் ஐபிஎம்மில் உருவான கோப்புப் பகிர்வு முறைதான் எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்தெடுத்து விண்டோஸில் வைத்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991-92 வாக்கில், கம்பியில் போகும் தகவல்களைக் கவனித்தே அந்த மொழியை யூனிக்ஸுக்குக் கற்றுக்கொடுத்தார். அகராதியில் எஸ், எம், பி மூன்றும் வரும் சொற்களைத் தேடி அவர் எடுத்த பெயர்தான் சம்பா. பழைய விண்டோஸின் ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ பட்டியல் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஒரு தேர்தல். கணினிகள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பை ஒன்றுக்குக் கொடுக்கும். விண்டோஸ் 95-க்கு மதிப்பு 1, என்டி ஒர்க்ஸ்டேஷனுக்கு 16, என்டி சர்வருக்கு 32. சம்பா இயல்பாக 20 என்று வைத்துக்கொண்டு இடையில் நுழையும். ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். மூன்று முறை தவறினால்தான் பெயர் அடிக்கப்படும். அந்த மாற்றம் துணைப் பட்டியல்களுக்கு எட்ட இன்னும் கால் மணி நேரம் வரை ஆகும். ஆக, அணைத்துப்போட்ட கணினி 51 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு உலவலாம். எல்லாம் சரியாக வேலை செய்ததாக இன்று பலரும் நினைத்து ஏங்கும் காலத்திலேயே இதுதான் நிலைமை.

அந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது 2017. அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது; பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நோயாளிகளின் முன்பதிவுகளையே ரத்து செய்ய வேண்டிவந்தது. அது நுழைந்த ஓட்டை, விண்டோஸ் எஸ்எம்பியின் முதல் பதிப்பைக் கையாண்ட விதத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே ஒட்டுப்போட்டிருந்தும் பலர் அதை நிறுவவில்லை. எஸ்எம்பி-1 பழசு, பாதுகாப்பற்றது, விட்டுவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களே அதற்கு முன்பிருந்து சொல்லிவந்தார்கள். வான்னாகிரைக்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி-1 விலக்கப்படத் தொடங்கியது. 2017 செப்டம்பரில் வந்த லினக்ஸ் கர்னல் 4.13, கோப்புறைகளை இணைக்கும்போது இயல்பாக எஸ்எம்பி-1 பேசுவதை நிறுத்தியது. 2019 செப்டம்பரில் சம்பா 4.11 அதை இயல்புநிலையில் அணைத்தே வைத்தது. இதில் ஒரு பக்கவிளைவு. அந்தப் பழைய பட்டியல் கணினிக்குக் கணினி போய்வந்தது எஸ்எம்பி-1 வழியாகத்தான். கோப்புகள் எஸ்எம்பி-2, எஸ்எம்பி-3 வழியாக எந்தக் குறையும் இல்லாமல் ஓடின; பட்டியல் மட்டும் நின்றுபோனது. ஆபத்தான கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், பெயர்ப்பலகை அந்தக் கதவில்தான் ஆணி அடித்து மாட்டியிருந்தது. மேம்படுத்தலுக்குப் பிறகு தங்கள் லினக்ஸ் கெட்டுவிட்டதாக நினைத்தவர்களில் கணிசமானோருக்கு நடந்தது இதுவே. கெட்டுப்போனது எதுவும் இல்லை.

அப்படியானால் விண்டோஸில் மட்டும் எப்படித் தெரிகிறது? விண்டோஸ் வேறொரு தண்டோராவுக்கு மாறிக்கொண்டது. டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்பது அதன் பெயர். 3702-ஆம் போர்ட் என்ற வாசலில் கூவும். ஆப்பிள் அதற்கு முன்பே தனி வழியில் போயிருந்தது. ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று வடிவமைத்த முறை 2002-இல் மேக் கணினிகளில் வந்து, பின்னர் போன்ஜூர் என்று பெயர் மாறி, 2013-இல் இணையத் தரநிலையாகவும் ஆனது. அது 224.0.0.251 என்ற பொது முகவரியில், 5353-ஆம் போர்ட்டில் பேசும்; பெயர்கள் ‘.லோக்கல்’ என்று முடியும். லினக்ஸில் இந்த மொழியைக் கேட்கும் நிரலுக்கு அவாஹி என்று பெயர். மடகாஸ்கரில் வாழும் ஒரு லெமூர் இனத்தின் பெயர் அது, ஏன் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஆக, நெட்பயாஸ், டபிள்யூஎஸ்-டிஸ்கவரி, போன்ஜூர் என்று மூன்று தண்டோராக்கள் ஒரே வீட்டில் ஒலிக்கின்றன. பல லினக்ஸ் மேசைத்தளங்கள் நெடுங்காலம் முதலாவதையும் மூன்றாவதையும்தான் கேட்டுவந்தன, முதலாவதின் பட்டியல் செத்துவிட்டது. நாஸ் பெட்டி விண்டோஸ்காரர்களுக்காக இரண்டாவதில் மட்டும் கூவினால், விண்டோஸில் தெரியும், லினக்ஸில் தெரியாது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் போன்ஜூர் என்றோ, மேக் கணினிகளுக்கான டைம் மெஷின் வசதி என்றோ இருக்கும் ஒரு குறியைப் போட்டுவிட்டால், அடுத்த நிமிடம் லினக்ஸ் சன்னலில் பெயர் வந்து நிற்பது உண்டு. லினக்ஸ் மேசைத்தளங்களில் ஒன்றான க்னோமின் அண்மைப் பதிப்புகள் டபிள்யூஎஸ்-டிஸ்கவரியையும் கேட்கத் தொடங்கிவிட்டன. ‘விண்டோஸில் தெரிகிறதே’ என்பது லினக்ஸின் குறைக்குச் சாட்சியாகாது. பெட்டி எந்த மொழியில் கூவுகிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

மொழி பொருந்தினாலும் சத்தம் எட்ட வேண்டும். இந்தக் கூவல்கள் எதுவும் ரவுட்டரைத் தாண்டிப் போவதில்லை; தெருமுனையோடு நின்றுவிடும்படியே அமைத்திருக்கிறார்கள். இன்று பல வீடுகளில் ஃபைபர் இணைப்புக்காரர் மாட்டிய மோடமே ஒரு ரவுட்டர். வேகம் போதவில்லை என்று வாங்கி வைத்தது இன்னொரு ரவுட்டர். மோடத்தின் பின்புறம் செருகிய நாஸ் பெட்டிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி, புது ரவுட்டரின் வைஃபையில் உள்ள லேப்டாப்புக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி. இரண்டும் வேறு வேறு தெரு. லேப்டாப்பின் சன்னலில் பெட்டி ஒருநாளும் வராது, ஆனால் முகவரியைத் தட்டச்சு செய்தால் அதே பெட்டி திறந்துவிடும், உள்ளிருந்து வெளியே போகும் பேச்சை ரவுட்டர் அனுமதிப்பதால். பட்டியலும் இணைப்பும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் கிடையாது. (பெட்டி உள் ரவுட்டரிலும் லேப்டாப் மோடத்திலும் இருந்தால் முகவரி போட்டாலும் திறக்காது. அந்த நிலையில் இரண்டையும் ஒரே ரவுட்டருக்குக் கொண்டுவருவதே முறை.) விருந்தினர் வைஃபையில் நுழைந்திருந்தாலும், சாதனங்கள் ஒன்றோடொன்று பேசக் கூடாது என்ற தடை ரவுட்டரில் போட்டிருந்தாலும் கதை வேறு, அங்கே இணையம் பிரமாதமாக வேலை செய்யும், பக்கத்து அறைப் பெட்டி மட்டும் எட்டாது. வைஃபைக்கே ஒரு பலவீனம் உண்டு. ஒருவருக்கு அனுப்பும் தகவல் சேரவில்லை என்றால் வைஃபை திரும்ப அனுப்பும். எல்லோருக்குமான கூவல் சேர்ந்ததா என்று அது பார்ப்பதே இல்லை. காலையில் தெரிந்த பெட்டி மாலையில் மறைவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

ஃபயர்வால் செய்யும் சேட்டை இன்னும் நுட்பமானது, நின்று பார்க்கத் தக்கது. உள்ளிருந்து ஒரு கேள்வி வெளியே போனால், யாரிடம் கேட்டோம் என்பதை ஃபயர்வால் குறித்துவைக்கும். அதே முகவரியிலிருந்து வரும் பதிலை உள்ளே விடும். வங்கித் தளத்தைக் கேட்டால் வங்கித் தளம் பதில் சொல்லும், எல்லாம் சரி. நெட்பயாஸ் கேள்வி ஒருவரைக் குறித்துப் போவதில்லை. அந்தத் தெரு முழுமைக்குமான முகவரிக்கு, உதாரணமாக 192.168.1.255-க்கு, போகிறது. பதில் வருவதோ 192.168.1.20-லிருந்து. ஃபயர்வால் தன் குறிப்பைப் பார்க்கிறது: ‘255-இடம் கேட்டோம், நீ 20. உன்னிடம் யாரும் கேட்கவில்லையே.’ பதில் வாசலிலேயே வீசப்படுகிறது. பெட்டி ஒழுங்காகப் பதில் சொன்னது, கம்பி ஒழுங்காகக் கொண்டுவந்தது, நம் கணினியே அதைக் குப்பையில் போட்டது. டபிள்யூஎஸ்-டிஸ்கவரிக்கும் இதே விபத்து நேரும். நெட்பயாஸுக்கென்றே கர்னலில் ஒரு துணை நிரல் உண்டு, தெரு முகவரிக்குக் கேட்ட கேள்விக்கு அந்தத் தெருவில் யார் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள் என்று ஃபயர்வாலுக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பல நிறுவல்களில் அது தானாக இயங்குவதில்லை. ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்து, பெயர் தோன்றுகிறதா என்று சோதிக்கலாம். தோன்றினால் திரும்பப் போட்டுவிட்டு, வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் சம்பா கிளையன்ட் என்ற அனுமதியைக் கொடுத்தால் நெட்பயாஸுக்குப் போதும். அணைத்தபடியே விட்டுவிடுவதுதான் பலர் செய்வது.

இத்தனை காரணங்களில் எது நமக்கானது என்று தேடிக்கொண்டிருப்பதற்கு முன், கதவைத் தட்டுவது கை மேல் பலன் தரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி என்ற பட்டியல் இருக்கும்; அதில் பெட்டியின் முகவரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளைப் பாருங்கள், லினக்ஸை விட்டுவிடுங்கள். முகவரி கையில் இருந்தால் அதற்கு ஒரு பிங், அதாவது ‘இருக்கிறாயா?’ என்ற சின்னக் கேள்வி. பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும் பெட்டி செத்தது என்று சொல்லக் கூடாது, பிங்குக்கு வாய் திறக்காதபடி சிலவற்றை அமைத்திருப்பார்கள். இங்கேதான் லினக்ஸின் ‘ஐபி நெய்’ என்ற சின்னக் கட்டளை உதவுகிறது. ஒரே தெருவில் உள்ள இரண்டு கணினிகள் பேசுவதற்கு முன், இந்த ஐபி முகவரி எந்த வன்பொருள் எண்ணுக்கு உரியது என்று கேட்டே ஆக வேண்டும். பிங்குக்குப் பதில் சொல்லாத பெட்டியும் இதற்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் யாருமே அதோடு பேச முடியாது. பிங் தோற்ற கையோடு அந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பெட்டியின் முகவரிக்கு எதிரே ஆறு ஜோடி எழுத்துகளில் ஒரு வன்பொருள் எண் இருந்தால், அதுவும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால், பெட்டி உயிரோடு அதே தெருவில்தான் இருக்கிறது. ‘ஃபெயில்ட்’ என்று இருந்தால் அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை. இந்த ஒரு வரி, வெள்ளைத் திரையை மணிக்கணக்கில் வெறித்துப் பார்ப்பதால் கிடைக்காத தெளிவைக் கொடுத்துவிடும்.

அடுத்த தட்டல் 445-ஆம் போர்ட்டுக்கு, அதுதான் எஸ்எம்பியின் வாசல். அது திறந்திருந்தால் கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு ஐபி முகவரி. பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி எழுந்து, வேலை முடிந்துவிடும். முடியாதபோது வரும் பிழைச் செய்திகளை அப்படியே நம்பக் கூடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கட்டளை வரியில் கோப்புறையை இணைக்கும்போது 112 என்ற எண்ணோடு ‘ஹோஸ்ட் ஈஸ் டவுன்’, அதாவது பெட்டி இயங்கவில்லை, என்று ஒரு செய்தி வருவதுண்டு. பிங் அடித்தால் பெட்டி ஜோராகப் பதில் சொல்லும். உண்மையில் நடந்தது, பெட்டிக்கு எஸ்எம்பி-1 மட்டுமே தெரியும், கர்னல் அதைப் பேச மறுத்தது. இருவரும் பொது மொழியில்லாமல் பிரிந்தார்கள். 113 என்ற எண்ணோடு வரும் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’, வழியே இல்லை என்கிறது. அந்த முகவரியில் யாரும் இல்லாதபோதும் அது வரும். வழி நன்றாக இருந்து, எதிர்ப்பக்கத்து ஃபயர்வால் கைநீட்டித் தடுக்கும்போதும் வரும். எது என்று பிரித்துச் சொல்வது மேலே சொன்ன அதே ‘ஐபி நெய்’ வரி. ‘தவறான கோப்பு முறைமை’ என்று பயமுறுத்தும் நீண்ட செய்திக்குப் பல நேரம் காரணம், சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் என்ற சிறிய தொகுப்பை நிறுவாததுதான். வட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 13 என்று வந்தால் மட்டும் நிம்மதியாக மூச்சுவிடலாம். அது அனுமதி மறுப்பு. பெட்டியைக் கண்டுபிடித்து, வாசல் வரை போய், பெயரோ பாஸ்வேர்டோ ஒத்துவராமல் நிற்கிறோம் என்று அர்த்தம், நெட்வொர்க் விசாரணை அங்கேயே முடிந்தது. இன்னொன்று: கோப்பு மேலாளர் பெட்டிக்குள் போவது சம்பாவின் நூலகம் வழியாக, கட்டளை வரி இணைப்பு போவது கர்னலுக்குள் இருக்கும் தனி நிரல் வழியாக. ஒன்று வேலை செய்து மற்றொன்று மறுப்பது முரண்பாடு மாதிரி தெரிந்தாலும் முரண்பாடில்லை.

யூனிக்ஸ் உலகின் சொந்த முறையான என்எஃப்எஸ்-இலும் இதே பாடம் வேறு வடிவில் கிடக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த அதன் பழைய பதிப்புகளில், பெட்டி எதையெல்லாம் பகிர்கிறது என்று கேட்க ஷோமவுன்ட் என்ற கட்டளை உண்டு. நான்காம் பதிப்பு அந்தத் துணைச் சேவைகளை உதறிவிட்டு 2049 என்ற ஒரே போர்ட்டில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறது. நான்காம் பதிப்பு மட்டுமே பேசும் பெட்டியிடம் ஷோமவுன்ட் கேட்டால் பிழைதான் வரும். கோப்புறையை நேராக இணைத்தால் இணைந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நடைமுறை வாதம் உண்டு: எஸ்எம்பி-1-ஐத் திரும்பப் போட்டால் பட்டியல் வந்துவிடுகிறது, வீட்டுக்குள் யார் வந்து தாக்கப்போகிறார்கள்? சம்பாவின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் பல நேரம் பெயர்கள் மீண்டும் தோன்றுவது உண்மைதான். ஆனால் அந்த வரி, ஒரு பெட்டிக்காக அந்தக் கணினி போகும் எல்லா இடத்திலும் தரத்தைத் தாழ்த்துகிறது. வீட்டு நெட்வொர்க் தனித் தீவு என்ற எண்ணமும் நிலைக்காது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுப் பெட்டிகளுக்குக் கடைசி மென்பொருள் மேம்படுத்தல் வந்தது 2015-இல். 2021 ஜூனில் இணையத்தோடு தொடர்பிலிருந்த அந்தப் பெட்டிகளில் பலவற்றை யாரோ வெளியிலிருந்து துடைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த கோப்புகள் ஒரே இரவில் போயின. அதன் ஓட்டை எஸ்எம்பியில் இல்லை, வேறிடத்தில். ஆனாலும் மேம்படுத்தல் நின்றுபோன பழைய பெட்டியைச் சுவரோரம் மறந்து வைத்திருப்பது என்ன விலை கேட்கும் என்பதை அது காட்டியது. எஸ்எம்பி-1 தவிர வேறெதுவும் தெரியாத பெட்டியும் அதே வயதுக்காரர்தான். அதிலிருந்து கோப்புகளை எடுத்தாக வேண்டும் என்றால், அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் பதிப்பு 1.0 என்று குறிப்பிட்டு, படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு இணைத்து, எடுத்து முடித்ததும் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. போர்ட் எண்ணும் பிழை எண்ணும் சாதாரணப் பயனாளர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? சொடுக்கினால் வர வேண்டும், அதற்குத்தானே கணினி? இதில் நியாயம் இருக்கிறது. லினக்ஸ் மேசைத்தளங்களை வடிவமைப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். வெள்ளைத் திரை மூன்று வேறு செய்திகளுக்கு ஒரே முகம் காட்டுகிறது: கேட்டேன், யாரும் இல்லை; கேட்டேன், பதிலை என் ஃபயர்வாலே மறித்தது; கேட்கவே இல்லை, அந்த மொழி எனக்குத் தெரியாது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரே ஒரு வரி போதும், அந்த வரி இல்லாததால் எத்தனையோ பேருடைய ஞாயிற்றுக்கிழமை வீணாகிறது. ஆனால் குறை வெளிப்பாட்டில் இருப்பதால் பட்டியலே நம்பகமாகிவிடாது. விண்டோஸிலும் இதே தண்டோரா அவ்வப்போது தவறத்தான் செய்கிறது. அங்கேயும் முகவரி போட்டுத்தான் பலர் உள்ளே போகிறார்கள்.

முகவரி மாறிக்கொண்டே இருக்குமே என்று கேட்கலாம். மாறும், ரவுட்டர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத்தான் விடுகிறது. நேற்று 20-ஆக இருந்தது மின்வெட்டுக்குப் பிறகு 23 ஆகலாம். அதற்கான தீர்வு பெட்டியிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. ரவுட்டரில் இருக்கிறது: பெட்டியின் அடியில் உள்ள வன்பொருள் எண்ணைக் குறிப்பிட்டு, இதற்கு எப்போதும் இந்த முகவரியே என்று ஒதுக்கிவைக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. பிறகு கோப்பு மேலாளரில் அந்த முகவரியைத் திறந்து ஒரு புத்தகக்குறி போட்டுவிட்டால், இடப்பக்கப் பட்டியலில் அது நிலையாக உட்கார்ந்துகொள்ளும். கணினி தொடங்கும்போதே இணைய வேண்டுமென்றால் எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி; அதில் நெட்வொர்க் வந்த பிறகு இணை, வராவிட்டால் தொடங்குவதை நிறுத்தாதே என்ற இரண்டு குறிப்புகளையும் விடாமல் சேர்க்க வேண்டும். வைஃபை விழித்தெழும் முன்பே கணினி பெட்டியைத் தேடிப் போய்த் தோற்றுவிட்டுக் காலையில் வெறும் கோப்புறையைக் காட்டுவது பழைய கதை. யாராவது கோப்புறையைத் தொடும்போது மட்டும் இணைத்துக்கொள் என்று, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஆட்டோமவுன்ட் குறிப்பு அந்தத் தலைவலியையும் தீர்க்கும். இத்தனையும் செய்து, படங்களும் கணக்குகளும் ஒரு சொடுக்கில் திறந்துகொண்டிருக்கும்போதும், ‘நெட்வொர்க்’ சன்னல் மட்டும் அதே வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.